சர்க்கரை நோயும் காயம்பட்ட இருதயமும்

நம் சங்கத்தில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நடைபெறும் இலவச மருத்துவ ஆலோசனையில் பல ஆண்டுகளாகக் கலந்துகொண்டு வருகிறேன். டெல்லியில் அரசு மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, நம்மவர்களுடன் தமிழிலேயே நோயைப் பற்றிப் பேசக் கிடைக்கும் வாய்ப்பு அது. அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், எனக்கு நெஞ்சுவலியே வந்ததில்லை. ஆனால் ஈ.சி.ஜி.யில் பழைய மாரடைப்பு என்று எழுதியிருக்கிறார்களே, அது எப்படி?" கேட்பவர் பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவராக இருப்பார்.

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. ஆகவே சங்க இதழின் வழியாகச் சற்று விரிவாகவே சொல்லலாம் என்று நினைக்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். பெரியவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல். நம் சங்கத்துக் குடும்பங்களில் இந்த நோய் எட்டிப் பார்க்காத வீடு அநேகமாக இல்லை எனலாம்.

சர்க்கரை என்றதும் நமக்குக் கண், சிறுநீரகம், கால் ஆகிய மூன்றும்தான் நினைவுக்கு வருகின்றன. காலில் பட்ட புண் ஆறாது என்பது வீட்டிலுள்ள பாட்டிக்கும் தெரியும். ஆனால் சர்க்கரை நோயாளிகளின் உயிரைப் பறிப்பதில் முதலிடம் இருதய, இரத்தக்குழாய் நோய்களுக்குத்தான். கால் புண் கண்ணுக்குத் தெரிகிறது, இருதயத்துப் புண் தெரிவதில்லை. அதுவும் சர்க்கரை உள்ளவருக்கு வேறு விதமாகவே வருகிறது, வேறு விதமாகவே ஆறுகிறது.

இருதயத்தில் காயம் என்றால் என்ன?

நம் இருதயம் ஏறக்குறைய 300 கிராம் எடையுள்ள ஒரு தசைப் பை. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடித்து, ஏழாயிரம் லிட்டர் அளவு இரத்தத்தை இறைக்கிறது. இவ்வளவு உழைக்கும் இந்தத் தசைக்கு வேண்டிய இரத்தம், அதன் மேற்புறத்தில் ஓடும் மூன்று முக்கியக் குழாய்களின் வழியே வருகிறது. அந்தக் குழாய்களின் உட்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்பு படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவத்தின் மேல்தோல் கிழிகிறது. கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுகிறது. இதுதான் மாரடைப்பு.

அடைப்பு ஏற்பட்டு இருபது, முப்பது நிமிடங்களில் தசை சாகத் தொடங்கும். உட்புறத்தில் தொடங்கும் இந்த அழிவு, அடுத்த சில மணி நேரத்தில் சுவரின் வெளிப்புறம் நோக்கிப் பரவும். செத்த தசை மறுபடி முளைக்குமா? 2009இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் இதை அளந்தே பார்த்தார்கள். 25 வயதில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஓர் அணுதான் இருதயத் தசையில் புதிதாகப் பிறக்கிறது. 75 வயதில் அதிலும் பாதிக்குக் குறைவு. ஆகவே இருதயத்தில் போன தசை போனதுதான். அந்த இடத்தில் தழும்பு உண்டாகுமே தவிர, துடிக்கும் தசை வராது.

ஆனாலும் இருதயம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. ஒரு தெருவில் தீப்பிடித்தால் என்ன நடக்கிறது? யாரோ கூச்சல் போட்டு ஊரை எழுப்புகிறார்கள். முன்பே பயிற்சி பெற்றவர்கள் ஓடி வருகிறார்கள். பெரிய தெரு அடைபட்டிருந்தால் சந்து பொந்து வழியாகத் தண்ணீர் வருகிறது. தீ அணைந்தபின் கரியும் சாம்பலும் அகற்றப்படுகின்றன. பிறகு சுவர் எழுப்புகிறார்கள். காயம்பட்ட இருதயமும் இந்த ஐந்து காரியங்களைச் செய்கிறது. சர்க்கரை நோய் இந்த ஐந்திலும் கை வைக்கிறது.

1. கூச்சல் எழுவதில்லை

மாரடைப்பின் வலி ஓர் எச்சரிக்கை. இருதயத்திலிருந்து மூளைக்கு அந்தச் செய்தியை எடுத்துச் செல்பவை மெல்லிய நரம்புகள். நெடுநாள் சர்க்கரை பாதங்களின் நரம்பைக் கெடுத்து உணர்ச்சியைப் போக்குவது போலவே, இருதயத்தின் நரம்புகளையும் கெடுத்துவிடுகிறது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடக்கும் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு இருதயத்தில் காயம் பட்டதும் தெரியாமல் போகலாம்.

எந்தத் தொந்தரவும் இல்லாத சர்க்கரை நோயாளிகள் 522 பேரை அமெரிக்காவிலும் கனடாவிலும் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 113 பேருக்கு, அதாவது ஐந்தில் ஒருவருக்கு மேல், இருதயத்தின் இரத்த ஓட்டத்தில் சத்தமில்லாத குறை இருந்தது.

இது வெறும் புள்ளிவிவரம் அன்று. எனக்குத் தெரிந்த ஒரு நண்பரின் தாயார், கும்பகோணம் பக்கத்திலிருந்து மகனுடன் சில மாதங்கள் இருக்க ஆர்.கே.புரத்துக்கு வந்திருந்தார். பதினெட்டு ஆண்டுச் சர்க்கரை. நவம்பர் மாதம், ஊரெல்லாம் புகை. அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, சாப்பாடு பிடிக்கவில்லை, நெற்றியில் வியர்த்துக்கொண்டே இருந்தது. டெல்லிப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கிருந்த இளம் மருத்துவர், "தர்த் ஹை?" என்று கேட்டார். அம்மா "நஹீ" என்றார். மூச்சுக்கு மருந்துப் புகை பிடிக்கக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை வேறோர் இடத்தில் ஈ.சி.ஜி. எடுத்தபோது, பெரிய மாரடைப்பு ஏற்பட்டு மூன்று நாட்கள் கடந்துவிட்டிருந்தன.

அந்த அம்மா பிழைத்தார். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் நூற்றுக்கு 55க்கு மேல் வெளியேற்ற வேண்டிய இரத்தத்தில் 35தான் வெளியேறுகிறது. ஒரு மாடி ஏற இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. நண்பர் என்னிடம் வந்து கேட்டது இதுதான்: "அம்மா எங்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று வலியை மறைத்துவிட்டாளோ?" நம் தாய்மார்கள் அப்படி மறைக்கக்கூடியவர்கள்தான், அந்தச் சந்தேகம் நியாயமே. ஆனால் இந்த அம்மா எதையும் மறைத்ததாக நான் நினைக்கவில்லை. வலி அவருடைய மூளைக்குப் போய்ச் சேரவே இல்லை. "நஹீ" என்று அவர் சொன்னது முழு உண்மை. கேட்ட கேள்விதான் போதவில்லை.

2. ஒத்திகை பலிப்பதில்லை

இருதயத்துக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. 1986இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மரி, ஜென்னிங்ஸ், ரெய்மர் என்ற மூவர் இதைக் கண்டார்கள். ஒரு நாயின் இருதயக் குழாயை 40 நிமிடம் அடைத்தால் குறிப்பிட்ட அளவு தசை சாகும். ஆனால் அதற்கு முன் ஐந்து ஐந்து நிமிடங்களாக நான்கு முறை அடைத்துத் திறந்துவிட்டால், பின்பு அதே 40 நிமிட அடைப்பில் சாகும் தசை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. சிறு துன்பம் பெருந்துன்பத்தைத் தாங்கப் பழக்கிவிடுகிறது. மனிதர்களிலும், பெரிய மாரடைப்புக்கு முந்தைய ஓரிரு நாட்களில் விட்டு விட்டுச் சிறு நெஞ்சுவலி வந்தவர்களுக்குச் சேதம் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டின.

சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஒத்திகை சரியாகப் பலிப்பதில்லை. ஜப்பானிய மருத்துவர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், முன்கூட்டி வந்த சிறு வலி சர்க்கரை இல்லாதவர்களைக் காத்ததே தவிர, சர்க்கரை உள்ளவர்களைக் காக்கவில்லை. அணுவுக்குள் ஆபத்தை அறிவிக்கும் இரசாயனச் செய்திகள் அவர்களிடம் மந்தமாகிவிடுகின்றன என்பதே காரணம்.

இதில் பொட்டாசியம் செல்லும் ஒரு நுண்ணிய வாயிலுக்கும் பங்கு உண்டு. கிளைபென்கிளமைடு என்ற பழைய சர்க்கரை மாத்திரை அந்த வாயிலை மூடிவிடுகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த, இன்று பலரும் சாப்பிடும் கிளிமிபிரைடு, 2019இல் வெளியான ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வில் இருதயத்துக்குக் கூடுதல் தீங்கு செய்யவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் கேளுங்கள், அது போதும்.

3. சந்து வழியும் அடைபடுகிறது

பெரிய குழாய் மெல்ல மெல்லச் சுருங்கும்போது, பக்கத்துக் குழாய்களிலிருந்து சிறு கிளைகள் வளர்ந்து உதவிக்கு வருவதுண்டு. சர்க்கரை நோயில் இந்தக் கிளைகள் வளர்வது பல சமயம் குறைவாகவே இருக்கிறது. மயிரிழை போன்ற நுண்குழாய்களின் உட்பூச்சும் கெட்டு, விரிய வேண்டிய நேரத்தில் அவை விரிவதில்லை. இரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ஒன்றோடொன்று எளிதில் ஒட்டிக்கொண்டு உறைவை அதிகமாக்குகின்றன. இதனால்தான் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து பெரிய குழாயைத் திறந்த பின்பும், சிலருக்குத் தசைக்குள் இரத்தம் முழுமையாகப் போய்ச் சேர்வதில்லை.

எரிபொருளிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. இருதயம் சாதாரணமாகக் கொழுப்பைத்தான் அதிகம் எரிக்கிறது. பிராணவாயு குறையும்போது சர்க்கரைக்கு மாறிக்கொள்ளும், ஏனெனில் அதே அளவு சக்தியைப் பெறச் சர்க்கரைக்குப் பிராணவாயு சற்றுக் குறைவாகப் போதும். ஆனால் சர்க்கரை நோயில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால், தசை அணுவின் கதவு சர்க்கரைக்குத் திறப்பதில்லை. சர்க்கரை நிரம்பி வழியும் இரத்தத்தில் மிதந்துகொண்டே இருதயத் தசை பசியால் வாடுகிறது. பிராணவாயுவே இல்லாத நேரத்தில், அதிகப் பிராணவாயு கேட்கும் கொழுப்பையே நம்பியிருக்க நேரிடுகிறது.

4. துப்புரவு முடிவதில்லை

காயம் பட்டதும் வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து செத்த தசையைத் தின்று அப்புறப்படுத்துகின்றன. சில நாட்களில் இந்தப் படை விலக, கட்டடம் கட்டும் அணுக்கள் வர வேண்டும். சர்க்கரை நோயில் முதல் படை சீக்கிரம் விலகுவதில்லை. அழற்சி நீடிக்கிறது, பக்கத்திலுள்ள நல்ல தசையும் தாக்கப்படுகிறது. புதுக் குழாய்கள் முளைக்க எலும்பு மச்சையிலிருந்து வர வேண்டிய உதவி அணுக்களும் சர்க்கரை நோயாளிகளிடம் எண்ணிக்கையில் குறைந்து, திறனும் குன்றியிருக்கின்றன. காலில் புண் ஆறாமல் சீழ் வைப்பதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

5. சுவர் விறைத்துவிடுகிறது

கடைசியில் தழும்பு உண்டாகிறது. அது கெட்டியாக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். நல்ல தழும்பு, கிழிந்த வேட்டிக்குப் போட்ட ஒட்டுபோல அந்த இடத்தைத் தாங்கும். சர்க்கரை நோயிலோ, தழும்பு இருக்க வேண்டிய இடத்தோடு நிற்காமல், நார்த்திசு நல்ல தசைகளுக்கு நடுவிலும் பரவுகிறது. போதாக்குறைக்கு, இரத்தத்திலுள்ள சர்க்கரை புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைப் பிணைத்துவிடுகிறது. ரொட்டியை வாட்டும்போது மேல்புறம் பழுப்பாவது எந்த இரசாயன மாற்றத்தால் நிகழ்கிறதோ, ஏறக்குறைய அதேதான் நம் உடம்பின் வெப்பத்தில் பல ஆண்டுகளாக மெதுவாக நடக்கிறது. மூன்று மாதச் சராசரி என்று நாம் எடுக்கும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையும், சிவப்பணுவின் புரதத்தில் இப்படி ஒட்டிய சர்க்கரையைத்தான் அளக்கிறது.

இப்படி விறைத்த இருதயம் முழுமையாக விரிந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ள முடிவதில்லை. மாரடைப்பே வராமல்கூடச் சர்க்கரை இருதயத் தசையைப் பலவீனமாக்கும் என்பதை 1972இல் அமெரிக்க மருத்துவர் ரூப்ளரும் அவரது சகாக்களும் எழுதினார்கள். 1974இல் வெளியான ஃபிராமிங்ஹாம் ஆய்வில், சர்க்கரை உள்ள ஆண்களுக்கு இருதயச் செயலிழப்பு இரண்டு மடங்குக்கு மேலாகவும், பெண்களுக்கு ஐந்து மடங்காகவும் காணப்பட்டது. 'பெண்களுக்கு மாரடைப்பு வராது' என்று நம்மில் சிலர் இன்னும் நம்புகிறோம். சர்க்கரை வந்த பெண்ணுக்கு இயற்கை தந்த அந்தப் பாதுகாப்பு பெருமளவு போய்விடுகிறது என்பதை மறக்கக் கூடாது.

ஃபின்லாந்தில் ஏழாண்டு காலம் நடந்து 1998இல் வெளியான ஆய்வையும் சொல்ல வேண்டும். சர்க்கரை இல்லாமல், ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்தவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கு மறுபடி வந்தது. மாரடைப்பே வராத சர்க்கரை நோயாளிகளில் நூற்றுக்கு 20 பேருக்கு வந்தது. சர்க்கரையும் இருந்து, ஏற்கெனவே மாரடைப்பும் வந்தவர்களில் 45 பேருக்கு வந்தது. எல்லாச் சர்க்கரை நோயாளிகளுக்கும் ஆபத்து ஒரே அளவு அல்ல என்று பின்னர் வந்த ஆய்வுகள் திருத்தின. எனினும், காயம்பட்ட இருதயமும் சர்க்கரையும் ஓரிடத்தில் சேர்ந்தால் எவ்வளவு கவனம் தேவை என்பதை அந்த 45 என்ற எண் காட்டுகிறது.

இனி நம்பிக்கை தரும் செய்திகள்

இதையெல்லாம் படித்து யாரும் மனம் தளர வேண்டாம். நான் பணியில் சேர்ந்த காலத்தில் இல்லாத பல வசதிகள் இன்று இருக்கின்றன.

டென்மார்க்கில் 160 சர்க்கரை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், உணவு, உடற்பயிற்சி, புகைபிடித்தல் ஆகிய எல்லாவற்றையும் ஒருங்கே கவனித்தார்கள். 2003இல் பார்த்தபோது அவர்களுக்கு இருதய, இரத்தக்குழாய் விபத்துகள் பாதியாகக் குறைந்திருந்தன. 2016இல் பார்த்தபோது மற்றப் பிரிவினரைவிட அவர்கள் ஏறக்குறைய 8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். சர்க்கரையை மட்டும் பார்த்துக்கொண்டு இரத்த அழுத்தத்தையும் கொலஸ்ட்ராலையும் விட்டுவிடுவோருக்கு இது ஒரு பாடம்.

2015இல் எம்பாக்ளிஃப்ளோசின் என்ற மாத்திரையை 7,020 பேரிடம் சோதித்த ஆய்வின் முடிவு வந்தபோது மருத்துவ உலகமே வியந்தது. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் இம்மருந்து, இருதய நோயால் வரும் மரணங்களை நூற்றுக்கு 38 பங்கும், இருதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேருவதை 35 பங்கும் குறைத்திருந்தது. இதே வகையைச் சேர்ந்த டாபாக்ளிஃப்ளோசின், சர்க்கரை இல்லாத இருதய நோயாளிகளுக்கும் உதவுவது 2019இல் தெரிந்தது. காப்புரிமை முடிந்ததால் இவ்விரண்டும் இப்போது நம் நாட்டில் முன்பைவிட மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் எல்லோருக்கும் இவை ஏற்றவை அல்ல. மருத்துவரின் தீர்மானம்தான் இறுதியானது.

மூன்று குழாய்களிலும் அடைப்பு உள்ள சர்க்கரை நோயாளிக்கு ஸ்டென்ட் வைப்பதா, பைபாஸ் செய்வதா என்று பலர் கேட்கிறார்கள். 1,900 பேரை வைத்து நடந்து 2012இல் வெளியான ஆய்வில், ஐந்தாண்டுகளில் மரணமோ மாரடைப்போ பக்கவாதமோ நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் நூற்றுக்கு 27 பேர், பைபாஸ் பிரிவில் 19 பேர். பக்கவாதம் மட்டும் பைபாஸ் பிரிவில் சற்று அதிகம். ஆகவே, பைபாஸ் என்றதும் அஞ்சி ஓடாமல் இரண்டாவது மருத்துவரிடமும் கலந்து ஆலோசியுங்கள். இது திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சைக்குப் பொருந்தும் பேச்சு. மாரடைப்பின் நடுவில், அடைபட்ட குழாயை உடனே திறப்பதுதான் முக்கியம்.

அதே சமயம், சர்க்கரையை ஒரேயடியாக இறக்குவதும் நல்லதன்று. எச்.பி.ஏ.1.சி.யை 6க்குக் கீழே கொண்டுவர முயன்ற ஓர் அமெரிக்க ஆய்வில் மரணங்கள் அதிகரித்ததால், 2008இல் அந்த முயற்சியை நடுவிலேயே நிறுத்தினார்கள். பலருக்கு 7ஐ ஒட்டிய அளவு போதும். வயதானவர்களுக்கும் இருதயம் பலவீனமானவர்களுக்கும் சற்றுக் கூடவும் இருக்கலாம். சர்க்கரை திடீரென்று தாழ்ந்தால் அதுவே இருதயத்துக்கு அதிர்ச்சி.

நாம் செய்ய வேண்டியவை

வலியை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். சர்க்கரை உள்ளவருக்குக் காரணமில்லாத மூச்சிரைப்பு, திடீர் வியர்வை, சொல்ல முடியாத அசதி, வாந்தி, மேல்வயிற்றில் அழுத்தம், தாடையிலோ முதுகிலோ இறுக்கம் ஆகியவற்றுள் ஏதாவது வந்தால், அதை மாரடைப்பாக இருக்கலாம் என்று எண்ணியே நடந்துகொள்ளுங்கள். 'வாயுக் கோளாறு' என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம்.

வியர்த்துக் கொட்டினால் முதலில் வீட்டிலுள்ள கருவியில் சர்க்கரையைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். சர்க்கரை சரியாக இருந்தும் வியர்த்தால் இருதயத்தைச் சந்தேகியுங்கள். நேற்று வரை 160 இருந்த சர்க்கரை, சாப்பாட்டில் மாற்றமே இல்லாமல் இன்று 350 என்று ஏறி, உடம்பும் சோர்ந்திருந்தால், அதுவும் மறைந்திருக்கும் மாரடைப்பின் அடையாளமாக இருக்கலாம். காய்ச்சலோ கிருமித் தொற்றோ இருந்தாலும் இப்படி ஏறும். எதுவானாலும் ஈ.சி.ஜி. எடுப்பதில் நஷ்டமில்லை.

டெல்லிவாசிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை இங்கே எல்லோருக்கும் இருமல், எல்லோருக்கும் மூச்சு முட்டல். அந்தக் கூட்டத்தில் இருதயத்தின் மூச்சிரைப்பு ஒளிந்துகொள்ளும். படுத்தால் அதிகமாகி எழுந்து உட்கார்ந்தால் குறைவது, கணுக்கால் வீங்குவது, சளியே இல்லாமல் மூச்சு வாங்குவது ஆகியவை புகையினால் மட்டும் வருபவை அல்ல. குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்கி மாரடைப்புகள் கூடும் காலமும் அதுதான். ஊரிலிருந்து வரும் பெற்றோரை மூடுபனியில் விடியற்காலை நடைக்கு அனுப்பாதீர்கள். வெயில் வந்தபின் நடக்கட்டும்.

அவசரப் பிரிவில் மொழி தடையாகிவிடக் கூடாது. நம் பெரியவர்கள் 'நெஞ்சு என்னமோ பண்ணுது', 'கிறுகிறுங்குது', 'பிராணன் போற மாதிரி இருக்கு' என்பார்கள். இதை அப்படியே ஹிந்தியில் சொல்லத் தெரியாமல், நாம் "தபியத் டீக் நஹீ" என்று முடித்துவிடுகிறோம். கீழ்க்கண்ட வாக்கியத்தை வீட்டில் எல்லோரும், குழந்தைகள் உட்பட, மனப்பாடம் செய்து வையுங்கள்: "இன்கோ பஹுத் ஸாலோன் ஸே ஷுகர் ஹை. ஸீனே மே தர்த் நஹீ ஹை, லேகின் ஸான்ஸ் ஃபூல் ரஹீ ஹை, பஸீனா ஆ ரஹா ஹை, கப்ராஹட் ஹை. ஈ.சி.ஜி. கர் லீஜியே." இதில் 'கப்ராஹட்' என்பது முக்கியமான சொல். நெஞ்சுக்குள் ஏற்படும் இனம் தெரியாத தவிப்புக்கு இவ்வூர் மக்கள் வைத்திருக்கும் பெயர் அது. வலி இல்லை என்பதோடு சர்க்கரை இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அனுபவம் குறைந்த மருத்துவரும் எச்சரிக்கை அடைவார்.

ஆம்புலன்ஸுக்கு டெல்லியில் 102 அல்லது 112. தமிழ்நாட்டில் 108. காத்திருக்கும் நேரத்தில், ஒவ்வாமையோ இரத்தக்கசிவு நோயோ இல்லாதவருக்கு 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுக்கலாமா என்று தொலைபேசியிலேயே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் குழாயைத் திறந்தால் காப்பாற்றப்படும் தசை மிக அதிகம். நோயாளியை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்து அழைத்துச் செல்ல வேண்டாம். மாடிப்படியிலும் நடக்க விடாமல் நாற்காலியில் தூக்கி இறக்குங்கள்.

மற்றவை நீங்கள் அறிந்தவைதான். ஆண்டுக்கு ஒருமுறை ஈ.சி.ஜி., கொலஸ்ட்ரால், சிறுநீரில் புரதம். மூச்சு வாங்கினால் எக்கோ பரிசோதனை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 100க்கு மேல் போனாலோ, எழுந்து நின்றதும் தலை சுற்றினாலோ, இருதய நரம்புகள் கெட்டிருக்கலாம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். "அரிசியை விட்டுச் சப்பாத்திக்கு மாறிவிட்டேன், போதாதா?" என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: ஐந்து சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டால் சோறு சாப்பிட்டது போலத்தான். தானியம் எதுவானாலும் அளவுதான் முக்கியம். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்பாகவே வருகிறது. ஆகவே இந்தப் பரிசோதனைகளை ஓய்வு பெற்றபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒரு சிறிய அட்டையில் பெயர், வயது, சர்க்கரை வந்த ஆண்டு, சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதிப் பெரியவர்களின் பையில் வையுங்கள். சி.ஜி.எச்.எஸ். அட்டை உள்ளவர்கள் அதையும் பழைய ஈ.சி.ஜி. ஒன்றையும் அதோடு சேர்த்து வையுங்கள். பழைய படம் கையில் இருந்தால் புதிய மாற்றத்தைக் கண்டுபிடிப்பது மருத்துவருக்கு மிகச் சுலபம். எழுதத் தெரியாதவர்களுக்கு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு மாத்திரைகளுடன் வந்தால் நானே எழுதித் தருகிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரைத் தவறாமல் அழைத்து வாருங்கள்.